கொதிக்க வைக்காத சாறு

செப்டம்பர் 2, திங்கள்

இன்றும் மஞ்சள்.

சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். மஞ்சளாகவே இருந்தால் நச்சு தூங்குகிறது. வெளுத்தால் நச்சு விழித்து வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். சோதனைக் கிட்டோடு வரும் மாதிரித் திரவத்தை ஊற்றிய ஒப்பீட்டுக் குழிகளைத் தவிர, மூன்று வருடமாக நான் வெளுத்த குழி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஆய்வக நோட்டில் ‘செயல்பாடு காணப்படவில்லை’ என்று எழுதித் தேதி போட்டேன். அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். மார்ச் 31-இல் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு முடிவு வேண்டும், என் பெயரில். இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்குக் காட்ட என்னிடம் மஞ்சள் நிறம் மட்டும்தான் இருக்கும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஆய்வு வழிகாட்டிக்கு, எங்கள் கைடுக்குச் சால்வை போட்டோம். கேக் வெட்டிய கத்தியைக் கழுவி வைத்தது நான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அப்பா போன் செய்தார். குளத்தில் இரண்டு நாளாக இறால் செத்து ஒதுங்குகிறதாம். வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் அப்பா காவலாள். அதற்கு முன்பு அதே நிலத்தில் நாற்று நட்டவர். நிலம் குளமானபோது ஆட்களில் ஒருவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களைத் திருப்பூருக்குப் போகச் சொன்னார்கள்.

“என்னத்தத்தான் ஆயி தேடுற, அஞ்சு வருசமா?” என்றார்.

“ஒங்க கொளத்துல எறாலக் கொல்லுற கிருமி இருக்குல்ல, அது ஒரு நஞ்சு விடும்ப்பா. கிருமிக்குள்ள இருக்கறவரைக்கும் அந்த நஞ்சு சும்மா கெடக்கும். எறாலோட செல்லுக்குள்ள போனப்புறம்தான் வேலை செய்யும்.”

“கிருமிக்குள்ளயே வேலை செஞ்சா?”

“செல்லுல இருக்கற எரிபொருளையெல்லாம் கண்டமேனிக்கு வேற ஒண்ணா மாத்திப்புடும். கிருமியே செத்துரும்.”

“அப்ப எறாலுக்குள்ள போனதும் யாரு எழுப்பி வுடுறா?”

“அதான் தெரியல. எறாலுக்குள்ள இருக்கற ஏதோ ஒண்ணு.”

“எறாலும் ஒடந்தையா?” என்று கேட்டுவிட்டு அப்பா இருமி இருமிச் சிரித்தார். ‘உடந்தை’ அவருக்குப் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்த சொல். கூலிப் போராட்டத்தின்போது அவர்மேல் போட்ட வழக்கில் அது இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் பஸ்ஸில் அப்பா வந்தார். வலை இறக்கும் நாளில் காவலாளுக்கு ஒரு கை இறால் உண்டு. அந்த ஒரு கையை அவர் சமைப்பதில்லை. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கேனில், பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயோடு, உயிருடன் கொண்டுவந்து பின்கேட்டில் கொடுப்பார். நான் வாங்கிக்கொண்டு “சரிப்பா, கெளம்பு” என்பேன். செக்யூரிட்டி முன்னால் நின்று பேச முடியாது.

தலையைக் கிள்ளி, வால் சதையைப் பனிக்கட்டியில் வைத்து அரைத்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். இது இங்கே சட்டம். கைடு டாக்டர் தில்லைநாயகம் என் ஆய்வுக்கு நான் சேருவதற்கு முன்பே தலைப்பு பதிந்துவிட்டார்: நச்சை விழிக்கவைப்பது கால்மோடுலின் என்ற புரதம். ஆந்த்ராக்ஸ் கிருமியின் நச்சும் கக்குவான் இருமல் கிருமியின் நச்சும் அதைத் தொட்டுத்தான் விழிக்கின்றன. ஆகவே நம்முடையதும் அப்படித்தான். கால்மோடுலின் கொதித்தாலும் கெடாது. மற்ற புரதமெல்லாம் திரிந்து அடியில் தங்கிவிடும். வடிகட்டினால் வேண்டியது மட்டும் கிடைக்கும். காரணம் சரியானதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை. கைடு சுத்த சைவம். இறால் நோயில் இருபத்தைந்து கட்டுரை எழுதியவர், இறாலைக் கையால் தொட்டதில்லை. பச்சை இறால் கழுவும் அறையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

“வேக வெச்சி எடுத்துட்டுப் போ பாப்பா,” என்றார் பேபி அக்கா. கண்ணாடிச் சாமான் கழுவுபவர். பதினேழு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். “பச்சையா கொண்டு போனா அய்யருக்குத் தும்மல் வராது, மெமோ வரும்.”

“அவரு அய்யர் இல்லக்கா. பிள்ளைமாரு.”

“கழுவுறவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

மாலை: மஞ்சள்.

அக்டோபர் 3, வியாழன்

கைடைப் பார்த்தேன். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். “மொதல்ல ஒரு ரிசல்ட் காட்டுங்க இளவரசி. அப்புறம் பேசலாம்,” என்றார். எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். கதவைச் சாத்துவதற்கும் அதே மரியாதை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. முழுவதும் எழுதிவிட வேண்டும். 

காலையிலிருந்து இயந்திரங்களைத் துடைத்தோம். சாற்றைச் சுழற்றித் தெளியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்குச் சந்தனம். தட்டு படிக்கும் கருவிக்குப் பொட்டு. கொதிநீர்த் தொட்டிக்கு மல்லிகை மாலை. ‘எரியும் பொருட்கள், கவனம்’ என்ற பலகைக்குக் கீழே கைடு கற்பூரம் காட்டினார். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். ஒரு மணிக்கு வருகைப் பதிவேட்டில் ‘ஆய்வகம் மூடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். நாளை காலை மறுபூஜை முடியும்வரை எதையும் இயக்கக் கூடாது.

எல்லாரும் போன பிறகு அப்பாவின் போன். பின்கேட்டில் நிற்கிறார்.

“இன்னைக்கி லீவுப்பா!”

“எனக்கு எப்புடி ஆயி தெரியும்? மொதலாளி கொளத்துக்குப் பூசை போட்டுட்டு வலைய எறக்கிட்டாரு. எறால் உசுரோட கெடக்கு. திரும்ப எடுத்துக்கிட்டுப் போவச் சொல்றியா?”

வாங்கிக்கொண்டேன். பிரித்த கிட்டும் இந்த வாரத்தோடு காலாவதியாகிறது. என்னிடம் சாவி இருந்தது.

கொதிநீர்த் தொட்டியின் சுவிட்சில் கை வைத்தேன். போடவில்லை. எனக்கு சாமி பயம் கிடையாது. போன வருடம் பூஜையன்று யாரோ சென்ட்ரிஃப்யூஜை ஓட்டினார்கள். அடுத்த வாரம் அது பழுதானது. கழுவுகிற பொம்பளை ஈரக்கையோடு தொட்டிருப்பாள் என்று முடிவு செய்து பேபி அக்காவிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்தது நான். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். மாலை கருகினாலோ பொட்டு கலைந்தாலோ இந்த வருடமும் அவரிடம்தான் வருவார்கள்.

ஆகவே கொதிக்க வைக்கவில்லை. சென்ட்ரிஃப்யூஜும் இல்லை. பச்சைச் சாற்றைத் துணியில் வடிகட்டி, ஊசிக்குழல் வடிகட்டியில் தள்ளினேன். வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரும் இல்லை, அறையே முப்பத்திரண்டு டிகிரி, போதும். ஆறு குழியில் நச்சு மட்டும். ஆறில் சாறு மட்டும். ஆறில் இரண்டும். படிக்கும் கருவிக்குத்தான் பொட்டு வைத்தாயிற்றே, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மஞ்சளைப் பார்ப்பதற்குக் கருவி எதற்கு?

நச்சு மட்டும்: மஞ்சள். சாறு மட்டும்: மஞ்சள். இரண்டும் சேர்ந்த ஆறு குழி: வெள்ளை. தண்ணீர் மாதிரி.

அப்பா அதற்குள் பஸ் ஏறியிருந்தார். போன் செய்தேன்.

“அப்பா, வெளுத்துருச்சுப்பா!”

“நல்லதா கெட்டதா?”

“நல்லதுப்பா!”

“அப்ப சரி,” என்றார். பிறகு பக்கத்து சீட்டில் இருந்தவரிடம், “எம்பொண்ணு. வெளுத்துருச்சாம்,” என்று சொன்னது கேட்டது.

அக்டோபர் 12, சனி

காலையில் முதல் ஆளாகப் போய்த் தட்டைப் பார்த்தேன். ஆறு. இன்னும் வெள்ளைதான்.

அக்டோபர் 14, திங்கள்

கைடு தட்டின் படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கொதிக்க வைக்காத சாறுங்கிறது சாக்கடை மாதிரி, இளவரசி. ஆயிரம் புரதம் கெடக்கும். எது என்ன பண்ணுதுன்னு எப்படிச் சொல்வீங்க?”

நியாயமான கேள்வி. “கண்டுபிடிக்கிறேன் சார்.”

“எந்தத் தேதி இது?”

“பதினொண்ணு சார்.”

“அன்னைக்கு லேப் மூடியிருந்ததே.”

நான் எதையோ திருடிக்கொண்டு நிற்பதுபோல் பார்த்தார். பிறகு, “சரி, ரிப்பீட் பண்ணுங்க. ஆனா பச்சையா உள்ள கொண்டு வராதீங்க. வாஷ் ரூம்லயே வெச்சுப் பாருங்க,” என்றார்.

கழுவும் அறை என்பது ஒரு தொட்டி, ஒரு சிமென்ட் மேடை, பேபி அக்காவின் சாப்பாட்டுப் பை. மேடையின் பாதியை அவர் காலி செய்து கொடுத்தார்.

“ஒனக்கும் இங்கதான் எடமா?” என்றார்.

நவம்பர் 6, புதன்

நாலு முறை செய்துவிட்டேன். நாலு முறையும் வெளுத்தது. அதே சாற்றைக் கொதிக்க வைத்துப் போட்டால் மஞ்சள்.

பனிக்கட்டி வாளிக்கு முன்னால் குத்தவைத்து, சாற்றைப் படிப்படியாகப் பிரித்தேன். எந்தப் பங்கு நச்சை எழுப்புகிறதோ அதை மட்டும் அடுத்த படிக்கு எடுத்தேன். மீதியைத் தொட்டியில் கொட்டினேன். நேற்று கடைசிப் பங்கை, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன். ஒரே ஒரு கனத்த கோடு, நாற்பத்திரண்டாயிரம் டால்டன் எடையில்.

அந்த எடையில் தசையில் அவ்வளவு கொட்டிக் கிடப்பது எது என்று முதலாம் ஆண்டு மாணவருக்கும் தெரியும். ஆக்டின். தசைக்குள் இழை இழையாக ஓடும் புரதம். தசையில் மட்டுமில்லை, இறால், மனுஷன், எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் இருக்கிறது. கிருமியிடம் கிடையாது. அதனால்தான் கிருமிக்குள் நச்சு சாகாமல், கொல்லாமல் கிடக்கிறது. உள்ளே நுழைந்து ஆக்டினைத் தொட்டதும் அதன் வடிவம் மாறி வேலைக்கு எழுந்துவிடுகிறது. செல்லால் ஆக்டினை ஒளித்து வைக்க முடியாது. அது இல்லாவிட்டால் செல்லே நிற்காது.

ஆக்டின் கொதித்தால் கெட்டுவிடும்.

அதாவது மூன்று வருடம், வாராவாரம், விடையைக் கொதிக்க வைத்துக் கொன்று, வடிகட்டிக் கீழே கொட்டிவிட்டு, மேலே மிஞ்சிய தண்ணீரில் விடையைத் தேடியிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் சொல்லிக் கொடுத்தார்கள்.

நவம்பர் 18, திங்கள்

இரவெல்லாம் மழை. அப்பா நனைந்துகொண்டே வந்தார். இந்த முறை கேன் பெரியது, பின்கேட்டில் வாங்கித் தூக்க முடியவில்லை. கழுவும் அறைவரை அவரே கொண்டுவந்தார். நேரமாகிவிட்டதென்று அவரும் உட்கார்ந்து தலை கிள்ளினார். என்னைவிட வேகமாகக் கிள்ளுவார். பேபி அக்கா அவருக்கு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்குக் கைடு வந்தார். அவர் கழுவும் அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை. பின்னால் டெல்லியிலிருந்து வந்த ஆய்வுக் குழுவினர் இரண்டு பேர், முகுந்தன். முகுந்தன் இரண்டாம் வருட மாணவன், கைடுக்கு லேப்டாப் தூக்குவான்.

கைடு அவர்களிடம் ஆங்கிலத்தில் என் முடிவை விளக்கினார். ‘நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்றார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

“யாரும்மா இவர்?”

“எறால் கொண்டு வர்றவர் சார்,” என்றேன்.

அப்பா எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ஆமாங்கய்யா,” என்றார். “நாந்தான் கொண்டாருவேன்.”

“பேரு?”

“வைரக்கண்ணுங்க.”

“ரொம்ப ஃப்ரெஷ்ஷா கொண்டு வர்றீங்களாம். உங்க நம்பரை முகுந்தன்கிட்ட குடுத்துட்டுப் போங்க.”

அப்பா நம்பரைச் சொன்னார். முகுந்தன் ‘இறால்’ என்று பதிந்துகொண்டான். அப்பா காலி கேனைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் வரட்டுங்களா, மேடம்?”

“சரி,” என்றேன்.

விருந்தாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். விளக்கம் சொல்ல அது நேரமில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அவர்கள் போன பிறகு பேபி அக்கா, “அது ஒங்கப்பால்ல?” என்றார்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? மூஞ்சிய எடுத்து ஒட்டுன மாரி இருக்கு.”

 அவர் பீக்கர்களைக் கழுவினார். வழக்கமாகக் கழுவும்போது பேசிக்கொண்டே இருப்பார்.

நவம்பர் 19, செவ்வாய்

அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. வேலை அதிகம்.

டிசம்பர் 3, செவ்வாய்

கைடு கூப்பிட்டார். அழுக்குச் சாற்றை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, சுத்தமான ஆக்டின் வாங்கிச் சோதிக்க வேண்டும் என்றார். சரிதான். நான் எழுதிய கொள்முதல் படிவத்தில் என் பெயரை அடித்துவிட்டு முகுந்தன் பெயரை எழுதினார். “சரக்கு வந்து சேர ஜனவரி ஆகும். உங்க டெர்ம் முடியுது. ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

இப்போது அப்பா முகுந்தனிடம்தான் இறால் கொடுக்கிறார். நான் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கிறேன். ஆய்வேடு எழுத வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஆக்டின் வந்தது. முயல் தசையிலிருந்து எடுத்தது. சின்ன டப்பாவில் வெள்ளைத் தூள், வாடை கிடையாது. நேராக உள்ளே போனது. குளிர் அறையில் கைடின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

மாலை முகுந்தன் கழுவும் அறைக்கு ஓடிவந்தான்.

“அக்கா, வந்து பாருங்கக்கா! மொத்தமா வெளுத்துருச்சு! ஒரு வரிசை விடாம!”

பார்த்தேன். என்னுடையதைவிட அழகாக இருந்தது. அவன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். எனக்கு இரண்டு. “நீங்கதானக்கா ஆரம்பிச்சு வெச்சீங்க.” மனதாரச் சொன்னான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 29, புதன்

கைடின் அறை. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“உங்க டைட்டில் கால்மோடுலின், இளவரசி. டைட்டில் மாத்தணும்னா கமிட்டி கூடணும். ஆறு மாசம் ஆகும். உங்களுக்கு இருக்கறது ரெண்டு மாசம்.”

“எக்ஸ்டென்ஷன் குடுத்தீங்கன்னா…”

“அதுக்கு நான் ‘திருப்திகரமான முன்னேற்றம்’னு எழுதணும். நெகட்டிவ் ரிசல்ட்டை வெச்சு எப்படி எழுதறது?”

“அக்டோபர் ரிசல்ட் இருக்கு சார்.”

“எந்த அக்டோபர்? பதினொண்ணாந்தேதி லேப் மூடியாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க வேலை பாத்ததா நோட்டுல எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். யாராவது கேட்டா எதைப் பொய்யின்னு சொல்லட்டும்?”

“அப்புறம் நாலு தடவை பண்ணியிருக்கேன் சார். நவம்பர்ல ஜெல் ஓட்டியிருக்கேன்.”

“எங்க வெச்சு?”

“வாஷ் ரூம்ல.”

“வாஷ் ரூம் நச்சு கையாளறதுக்கு அனுமதிச்ச எடமா? உயிர்ப்பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிஞ்சா லேபையே மூடுவாங்க. அந்தப் பக்கங்களை எந்த ஜர்னலுக்கும் அனுப்ப முடியாது.”

“நீங்கதான் சார் அங்க பண்ணச் சொன்னீங்க.”

அவர் கோபப்படவில்லை. வருத்தமாகப் பார்த்தார். “எழுத்துல சொன்னேனா?” என்றார்.

 கடைசியில் அவரே வழி சொன்னார். கால்மோடுலின் எங்கள் நச்சை எழுப்பவில்லை என்பதும் ஒரு முடிவுதான். அதை ஆய்வேடாகக் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடுவார். ஆக்டின் வேலை முகுந்தனுடைய ஆய்வுக்குப் போகும். நான் அவனுக்கு முறையைச் சொல்லிக் கொடுத்து, என் நோட்டுகளை ஒப்படைக்க வேண்டும்.

“டிகிரி முக்கியமா, ஒரு பக்கம் முக்கியமா? உங்க வீட்ல எல்லாம் நீங்கதானே ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்? யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க நேரம் கேட்கவில்லை. “சரி சார்” என்று அங்கேயே சொன்னேன். புகார் கொடுக்கலாம். யாரிடம்? புகார்க் குழுவின் தலைவரே அவர். பக்கத்துத் துறைத் தலைவர் அவருடைய பழைய மாணவர். புகார் கொடுத்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் காரைக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

முகுந்தனின் நோட்டில் அவன் எழுத, நான் சொன்னேன். எவ்வளவு சதை, எவ்வளவு உப்பு, எந்தப் படியில் எதைக் கொட்டுவது. நான் மூன்று வாரம் தடுமாறிய இடத்தை அவன் ஒரு வரியில் கடந்தான்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘செய்தவர்’, ‘சாட்சி’ என்று இரண்டு இடம் உண்டு. செய்தவர் இல்லாத இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இது விதி. பேனாவை என்னிடம் நீட்டினான்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க…”

“எங்க போடணும்?” என்றேன்.

பதினெட்டுப் பக்கம். சாட்சி: வை. இளவரசி.

மார்ச் 3, திங்கள்

கைடு ஆய்வுச் சுருக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ‘கடின உழைப்பாளி’ என்று பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார்.

மார்ச் 31, திங்கள்

சாவி, அடையாள அட்டை, நான்கு நோட்டுகள். நிலுவையில்லைப் படிவத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கண்ணாடிச் சாமான் எதுவும் உடையவில்லை என்பதற்குப் பேபி அக்காவின் கையெழுத்து. மெதுவாக எழுத்துக்கூட்டிப் போட்டார்.

“ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“படிப்பு முடிஞ்சிருச்சுன்னு சொல்லியிருக்கேன்.”

“அதக் கேக்கல,” என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

தஞ்சாவூர். தனியார் பரிசோதனை நிலையம். இன்று அறுபத்தேழு சிறுநீர், நாற்பது இரத்தம். ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முகுந்தன் கட்டுரையை அனுப்பியிருந்தான். வெளியாகிவிட்டது, நல்ல ஜர்னல். ‘தேங்க்ஸ் அக்கா’ என்று கைகூப்பிய பொம்மை.

நாலு ஆசிரியர்கள். நான் இல்லை. நச்சு ஆக்டினைத் தொட்டு நொதியாக விழிப்பதை நன்றாக விளக்கியிருக்கிறார்கள். முதல் படத்தில் ஆறு வெள்ளைக் குழி. கொதிக்க வைத்தால் செயல் போய்விடுகிறது என்ற குறிப்பிலிருந்து எங்களுக்கு யோசனை கிடைத்தது என்று ஒரு வரி. கடைசியில் நன்றியுரை: உயிருள்ள இறால்களை வழங்கிய திரு. வைரக்கண்ணுவுக்கும், தொழில்நுட்ப உதவி செய்த வை. இளவரசிக்கும்.

மதியம் ஷிப்ட் இருந்தது. போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா தஞ்சாவூருக்கு, என் அறைக்கு வந்தார். நவம்பருக்குப் பிறகு நாங்கள் நேரில் பார்ப்பது இது மூன்றாவது முறை. புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையும் வைத்திருந்தார். உள்ளே அந்தக் கட்டுரை, கலரில் பிரிண்ட் எடுத்தது.

“ஒங்க சாரு கூப்புட்டுக் குடுத்தாரு ஆயி. எம்பேரு இங்கிலீசுல போட்டுருக்காம். எங்க இருக்கு, காட்டு.”

காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். விரலை எடுக்காமல் கேட்டார்:

“ஒம்பேரு?”

“பக்கத்துலயே இருக்குப்பா. இது.”

இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முகம் சட்டென்று மாறியது.

“ஒண்ணா போட்டுருக்காங்களே. தெரிஞ்சிருச்சா அவங்களுக்கு?”

“என்னது?”

“நீ எம்பொண்ணுன்னு. நான் சொல்லல ஆயி. வாரா வாரம் போறேன், அந்த முகுந்தன் தம்பி டீ வாங்கித் தரும், ஊரு எது, புள்ளைங்க எத்தினின்னு கேக்கும். ஒரே ஒரு பொண்ணு, தஞ்சாவூர்ல வேலை பாக்குதுன்னு மட்டும் சொல்லுவேன். ஒம்பேச்சு வந்தாக்கூட மேடம் நல்லாருக்காங்களான்னுதான் கேப்பேன். இன்னைக்கி வரைக்கும் வாயத் தொறக்கல.”

“தெரியாதுப்பா அவங்களுக்கு,” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அப்ப சரி,” என்றார். காகிதத்தை மடங்காமல் உறைக்குள் தள்ளி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.